நீலக் குறி போட்ட கோட்டு

எங்கள் கடைக்கும் லாண்டிரிக்கும் நடுவில் ஒரே சுவர்தான். சுவருக்கு இந்தப் பக்கம் நான் தையல் மெஷின் மிதிக்கிறேன். நாளைக்கே வேண்டும் என்று துணியோடு வந்து நிற்பவர்களிடம் முடியாது என்பேன். போன தடவை தைத்தது இடுப்பில் பிடிக்கிறது என்று சொன்னால், பிடிப்பது நீங்கள் தின்ற சோறு, என் ஊசி இல்லை என்பேன். வாய்க்கொழுப்பு பிடித்தவள் என்று தெருவில் எனக்குப் பேர். இருந்துவிட்டுப் போகட்டும். தையல் நன்றாக இருக்கிறது, திட்டிக்கொண்டே திரும்ப வருகிறார்கள்.

சுவருக்கு அந்தப் பக்கம் 'இல்லை' என்ற சொல்லே கிடையாது. அண்ணன் இஸ்திரி மேசையில் நிற்பார், அண்ணி கவுண்டரில் நிற்பாள். கூடப்பிறந்த அண்ணன் இல்லை. பல வருஷமாகச் சுவரைப் பங்கு போட்டதில் வந்த உறவு. வாடிக்கைக்காரர்கள் எதைச் சொன்னாலும் அண்ணி முதலில் 'ஆமாங்க' என்பாள். போன தடவை ரொம்ப லேட் பண்ணிட்டீங்க என்று ஒருவர் குதிப்பார். "ஆமாங்க, அப்போ முடியல, மன்னிச்சுக்கங்க" என்பாள். அந்த ஆள் அதற்கு முன் அந்தக் கடை வாசலையே மிதித்திருக்க மாட்டார். கேட்டுக்கொண்டிருக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இல்லை என்றால் சண்டை, ஆமாம் என்றால் துணி அமைதியாக வெளியே போய்விடும் என்பது அவள் நியாயம். கடை ஆரம்பித்த நாளிலிருந்து அங்கே அதுதான் சட்டம்.

அவர்களுடைய ஒரே பெண் அந்தக் கவுண்டருக்கு அடியில் தவழ்ந்து வளர்ந்தவள். என் டப்பாவிலிருந்து ஒரு பட்டனை எடுத்து விழுங்கப் பார்த்தாள் என்று தலைகீழாகப் பிடித்து உலுக்கியதில் அவளுக்குப் பட்டன் என்று பேர் வைத்தேன், அதுவே நிலைத்துவிட்டது. அம்மா சொல்லக் கற்ற கையோடு 'ஆமாங்க' சொல்லக் கற்றுக்கொண்டாள். நீ குரங்கா என்றால் ஆமாங்க என்பாள். தெருவே அவளிடம் அதைக் கேட்டுக் கேட்டுச் சிரித்திருக்கிறது.

லாண்டிரிக்கு இன்னொரு சட்டமும் உண்டு. வருகிற ஒவ்வொரு துணியிலும் காலருக்கு உள்பக்கம் நூலால் ஒரு சின்னக் குறி போடுவார்கள். ஒரு வீட்டுக்குச் சிவப்பில் பெருக்கல் குறி, இன்னொரு வீட்டுக்குப் பச்சையில் இரண்டு கோடு. தண்ணீரில் எல்லாம் ஒன்றாகக் கிடந்தாலும் அந்தக் குறியை வைத்துப் பிரித்துவிடுவார்கள். அவர்கள் வீட்டுத் துணிக்கு மட்டும் குறி கிடையாது. குறி இல்லாதது எதுவோ அது நம்முடையது என்பாள் அண்ணி. வாங்க ஆள் வராத துணிகளை விற்கவும் மாட்டாள், உடுத்தவும் மாட்டாள். மழைக்காலத்துக்கு முன் ஒரு தடவை எடுத்து அலசித் தேய்த்துத் திரும்பக் கம்பியில் மாட்டிவிடுவாள். அதில் ஒன்றுதான் அந்தக் கறுப்புக் கோட்டு. பெண்பிள்ளை போடுகிற கோட்டு, நல்ல துணி, காலருக்குள் நீல நூலில் ஒரு வட்டம்.

பட்டன் படிப்பில் கெட்டி. பல்கலைக்கழகத்தில் மற்றவர்கள் கூட்டமாக ஒரு மண்டபத்தில் உட்கார்ந்து படித்துவிட்டுப் போவார்கள். ஆனர்ஸ் என்பது பொறுக்கியெடுத்த கொஞ்சம் பேருக்கு மட்டும். அவர்களுக்குத் தனி அறை, தனி ஆசிரியர். சொந்தமாக ஓர் ஆராய்ச்சி செய்து, கடைசி வருஷம் பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்து கேட்கும் கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் மேற்படிப்புக்கு அவர்களே செலவு செய்து அனுப்புவார்கள். நடுவில் தடுக்கினால் சாதாரணப் பட்டத்தைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இஸ்திரிச் சூட்டிலேயே நின்று அண்ணனுக்குக் கணுக்கால் இரண்டும் வீங்கிக் கிடந்தது. இவள் ஒருத்தியாவது உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும் என்பதைத் தவிர அவர்கள் எதையும் ஆசைப்பட்டதில்லை.

ஆனர்ஸில் இடம் கொடுக்க வைக்கும் நேர்முகத் தேர்வுக்குக் கோட்டுப் போட்டுக்கொண்டு வர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். நான் தைத்துத் தருகிறேன் என்றேன், துணி வந்து சேரவில்லை. அண்ணன்தான் கம்பியின் கடைசியிலிருந்து அந்தக் கறுப்புக் கோட்டை எடுத்து வந்தார். அண்ணிக்கு மனசில்லை. ஒரு நாளைக்குத்தானே என்றார் அவர். சரி, இரவல்தான், நீலக் குறியைப் பிரிக்க மாட்டேன் என்றாள் அவள். பட்டன் போட்டுப் பார்த்தபோது தோள் தோளில் உட்கார்ந்தது, கை மணிக்கட்டில் நின்றது. நானே அளவெடுத்துத் தைத்திருந்தாலும் எங்கேயாவது கொஞ்சம் இழுத்துவிட்டிருப்பேன். எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

சாயங்காலம் திரும்பி வந்து என் கடைப் படியில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டே நடந்ததைச் சொன்னாள். அண்ணியும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"உள்ள போனதும் துறைத் தலைவர் மேடம் என்னையே பாத்தாங்க அத்தை. 'வந்துட்டியா? போன தடவை ஏன் வராம விட்டுட்ட?'ன்னாங்க."

"நீ போன தடவை ஸ்கூல்ல இருந்தியேடி. என்ன சொன்ன?" என்றேன்.

"ஆமாங்க மேடம், அப்போ முடியலன்னேன்."

நான் மெஷினில் கவிழ்ந்து சிரித்தேன். லாண்டிரிப் புத்தி எங்கே போனாலும் போகாது என்றேன். நீ எழுதி அனுப்பியிருந்த தலைப்பையே செய்கிறாயா என்றும் கேட்டார்களாம். இவள் எதையும் எழுதி அனுப்பியதில்லை. அதற்கும் ஆமாங்க. இடம் கிடைத்துவிட்டது. அண்ணன் தெருவுக்கே டீ வாங்கிக் கொடுத்தார். அண்ணி மட்டும் சிரிக்காமல், அந்தக் கோட்டைக் கொடுத்துவிட்டுப் போன அம்மாவை நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மழையில் வந்தாளாம். பெண்ணுக்கு இன்டர்வியூ, நன்றாகத் தேய்த்துக் கொடுங்கள் என்றாளாம். அப்புறம் வரவேயில்லையாம்.

ஆனர்ஸ் பிள்ளைகளுக்கு வாரத்தில் ஒரு நாள் செமினார், அன்றைக்குக் கோட்டு கட்டாயம். ஒரு நாளைக்கு என்று எடுத்தது அப்படியே ஒட்டிக்கொண்டது. முதல் வருஷத்தில் பட்டன் கொஞ்சம் உயர்ந்தாள், தோளும் விரிந்தது. அவளுடைய சட்டைகளை எல்லாம் நான்தான் பிரித்து விட்டேன். கோட்டை மட்டும் தொட வேண்டியிருக்கவில்லை. சந்தேகம் வந்து உள்ளே திருப்பிப் பார்த்தேன். கையை இறக்க மடிப்பில் ஒரு நூலிழைத் துணி கூட இல்லை, தைத்தவன் அவ்வளவு கஞ்சன். ஆனாலும் போன வருஷம் மணிக்கட்டில் நின்ற கை இந்த வருஷமும் அதே இடத்தில்தான் நின்றது.

அவளுக்கு அப்படி வந்து சேர்ந்த தலைப்பு உப்பைப் பற்றியது. ஒரு சின்ன உப்புத் துண்டை நூலில் கட்டிக் கரைத்த தண்ணீருக்குள் தொங்கவிட்டால், தண்ணீரில் இருப்பதெல்லாம் வந்து அதன்மேல் படியுமாம், அந்தத் துண்டு எந்த வடிவமோ அதே வடிவத்தில் வளருமாம். லாண்டிரியின் பின்கட்டில் பாட்டில்களில் வளர்த்துக்கொண்டிருந்தாள். நூல் கேட்டு என்னிடம்தான் வருவாள். இதற்கா பல்கலைக்கழகம் என்று கிண்டல் செய்வேன். முன்பென்றால் பதிலுக்கு வாயாடுவாள். அந்த வருஷம் நூலை வாங்கிக்கொண்டு, "ரொம்ப நன்றிங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். நூலுக்கு எனக்கு நன்றி சொன்ன முதல் ஆள் அவள்தான்.

அடுத்த மழைக்காலம் தொடங்கி விடாமல் பெய்தது. தெரு முழுக்கச் சோப்பும் ஈரமும் கலந்த வாடை. ஒரு மத்தியானம் அண்ணி ஈரக்கையோடு வந்து என் மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"அவ என்னை 'நீங்க'ன்னு கூப்பிடுறா."

"படிக்கிற புள்ள, மரியாதை வந்திருக்கும்."

"சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவுத்து வெச்சுட்டு, 'போயிட்டு வரேங்க'ன்னு சொல்லிட்டுப் போறா. யார் வீட்டுக்கோ வந்துட்டுப் போற மாதிரி. நம்ம துணி எது, கடைத் துணி எதுன்னு அவளுக்குப் பிரிக்கத் தெரியல. காலரைத் திருப்பித் திருப்பிப் பாக்குறா."

அன்றைக்கு என்னிடம் எந்த நக்கலும் வரவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. கோட்டை நிறுத்திவிடு என்றேன். நிறுத்தவும் ஒரு சந்தர்ப்பம் வந்தது. அந்த வார மழையில் கோட்டு காயவே இல்லை. இஸ்திரிப் பெட்டியை வைத்தால் ஆவி பறந்ததே தவிர ஈரம் போகவில்லை. நான் தைத்த சாம்பல் நிற ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு செமினாருக்குப் போனாள்.

அன்றைக்கு அவள் சீக்கிரமே வீடு திரும்பிவிட்டாள். வழக்கமாக உட்காரும் ஜன்னலோர நாற்காலியில்தான் உட்கார்ந்தாளாம். பேர் கூப்பிட்டபோது கையைத் தூக்கிச் சொன்னாளாம். மேடம் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, இன்றைக்கு வரவில்லை போல என்று சொல்லி அடுத்த பேரைக் கூப்பிட்டாராம். டீ கொண்டுவந்தவர் அவளைத் தாண்டிப் போய்விட்டார். இவள் எழுந்து நின்று தன் உப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே மற்றவர்கள் ஜன்னலைச் சாத்தலாமா வேண்டாமா என்று பேசிக்கொண்டிருந்தார்களாம். சொல்லும்போது பட்டனுக்கு அழுகை வரவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கலக்கமாக இருந்தது.

"கோட்டுப் போட்டாத்தாங்க என்னைத் தெரியுது" என்றாள்.

சில செமினார் விட்டுப்போனால் ஆனர்ஸிலிருந்து பேரை எடுத்துவிடுவார்கள். அண்ணனும் அண்ணியும் உள்ளே போய் அடங்கிய குரலில் பேசிக்கொண்டார்கள். சுவர் மெல்லிசு, எல்லாம் கேட்டது. இவ்வளவு தூரம் வந்த படிப்பை விடச் சொல்லி எப்படிச் சொல்வது என்றார் அவர். படிப்பு முடியும்போது முடித்தவள் நம் பெண்ணாக இருக்க வேண்டுமே என்றாள் அவள். அடுத்த வாரம் கோட்டு காய்ந்திருந்தது. அண்ணியே அதைத் தேய்த்துக் கொடுத்தாள். பெட்டி மேசையில் இடித்துக்கொண்டே இருந்தது எனக்குக் கேட்டது.

கடைசி வருஷம் முழுக்க அந்த வீட்டில் ஒரு விருந்தாளிப் பெண் இருந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். நல்ல பெண், குரல் உயர்த்த மாட்டாள், கொடுத்ததைச் சாப்பிடுவாள். அண்ணி தினமும் அவளுக்குத் தலை பின்னிவிடுவாள். பின்னும்போது பட்டன் குழந்தையில் செய்த சேட்டைகளை ஒவ்வொன்றாகச் சொல்லுவாள், பட்டனை விழுங்கப் பார்த்த கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லுவாள். அவள் கேட்டுவிட்டு, "அப்படிங்களா?" என்பாள்.

நேரில் கேள்வி கேட்கும் நாளும் வந்தது. விடிந்ததிலிருந்து தூறல். நான் கடையைத் திறந்து மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். துணிப்பையும் குடையுமாக ஓர் அம்மா லாண்டிரி வாசலில் ஏறினாள். வயசு அண்ணியின் வயசுதான் இருக்கும். புடவைக் கொசுவம் கலையாமல், அவசரம் இல்லாமல் குடையை மடக்கி ஓரமாகச் சாத்தி வைத்தாள். சுவருக்கு முன்பக்கம் பாதிதான் உயரம், எனக்குக் கவுண்டர் நன்றாகத் தெரியும்.

"கறுப்புக் கோட்டு குடுத்திருந்தேன்மா. நீலக் குறி."

"ஆமாங்க" என்றாள் அண்ணி. வேறு என்ன சொல்வாள்?

"பொண்ணுக்கு இன்னைக்குத்தான் முக்கியமான நாளு."

"ஆமாங்க."

அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து பட்டன் வந்தாள். கோட்டுப் போட்டு, எல்லாப் பட்டனும் மாட்டி, உப்புப் பாட்டில்கள் வைத்த பெட்டியைக் கையில் பிடித்திருந்தாள். அந்த அம்மா அவளைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். அவளுக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை. முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"ரெடியாயிட்டியா கண்ணு? கிளம்பலாமா?"

"ஆமாங்க" என்றாள் பட்டன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு, வெளியே வருவதற்காகக் கவுண்டர் பலகையைத் தூக்கினாள்.

"இல்லீங்க."

என் கால் மெஷினில் அப்படியே நின்றுவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை. இஸ்திரி மேசையில் அண்ணனும் பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். அண்ணி பலகையை அழுத்தி மூடிவிட்டு மகளின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இல்லீங்க. கோட்டு உங்களது. இரவல் வாங்கினோம், சொல்லாம வாங்கினோம், அது தப்புதான். கழட்டிக் குடுத்துடறேன். பொண்ணு என்னோடது."

அந்த அம்மா கோபப்படவில்லை. துணி மாறிவிட்டது என்று சொன்னால் வாடிக்கைக்காரர்கள் சந்தேகமாகப் பார்ப்பார்களே, அப்படித்தான் பார்த்தாள். அண்ணி ஒவ்வொரு பட்டனாகக் கழற்றினாள். கோட்டை உரித்து எடுத்துக் கவுண்டரில் வைத்தாள். பிறகு மகளைத் திருப்பி, பின்னலை ஒதுக்கிப் பிடரியைக் காட்டினாள்.

"நல்லா பாத்துக்கங்க. எங்க வீட்டுதுக்குக் குறி கெடையாது."

அந்த அம்மா குனிந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். விரலால் சட்டைக் காலரைத் தள்ளிக்கூடப் பார்த்தாள். தூறல் நின்று கூரையிலிருந்து சொட்டுவது மட்டும் கேட்டது. கடைசியில் நிமிர்ந்தாள்.

"ஆமா. குறி இல்ல" என்றாள். கோட்டை மடித்துத் துணிப்பையில் வைத்துக்கொண்டாள். "இத்தனை நாளும் நல்லா சுத்தமா வெச்சிருந்தீங்கம்மா" என்றாள். குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

பட்டனுக்குக் குளிரெடுத்தது, பல் கிட்டியது. அண்ணியைப் பார்த்தாள். "நீ ஏம்மா அழற?" என்றாள். நீ என்றாள். நான் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடிப்போய் அவள் தலையில் ஒரு குட்டு வைத்தேன். "வலிக்குது, அத்தை" என்று கத்தினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, இப்போது சொல்வதற்கு என்ன வெட்கம்.

கோட்டு இல்லாமல்தான் போனாள். அண்ணன் அவளுடைய பழைய வெள்ளைச் சட்டையைச் சூடாகத் தேய்த்துக் கொடுத்தார், அதன் கையில் பெட்டி பட்டுக் கருகிய தழும்பு ஒன்று இருந்தது. அவர்கள் கண்ணுக்கு இவள் தெரிவாளா என்ற கேள்வி எங்கள் மூன்று பேருக்குமே இருந்தது. அன்று சுவருக்கு அந்தப் பக்கம் இஸ்திரிப் பெட்டி சத்தமே இல்லை. வந்த வாடிக்கைக்காரர்களை எல்லாம் நான்தான் நாளைக்கு வா என்று விரட்டினேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தாள். தொண்டை கட்டியிருந்தது. ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"உள்ள போய் நின்னேன். யாரும் தலையே தூக்கல. அப்புறம் மேடம் என் பக்கமா பாத்து, 'போன தடவை வராம விட்ட பொண்ணு எங்க, நீதானா அது?'ன்னாங்க."

"என்ன சொன்ன?" என்று சொம்பை வாங்கிக்கொண்டே கேட்டாள் அண்ணி.

"வாய்ல 'ஆமா' வந்துடுச்சும்மா. முழுங்கிட்டேன். 'இல்லீங்க மேடம், அது நான் இல்ல. நான் லாண்டிரிக்காரங்க பொண்ணு. இந்த உப்பை வளத்தது நான்தான்'னேன். அப்பத்தான் எல்லாரும் நிமிந்து பாத்தாங்க."

அதற்கப்புறம் அடி முதல் நுனி வரை அவளைக் குடைந்து எடுத்திருக்கிறார்கள். புதிதாக ஒருத்தியைப் பார்ப்பதுபோல் பேர், ஊர், எங்கே படித்தாய் என்பதிலிருந்து ஆரம்பித்திருக்கிறார்கள். தலைப்பு மட்டும் யாரோ கொடுத்தது, உப்பு இவள் கையால் வளர்ந்தது, அதனால் தடுமாறவில்லை. வெளிச்சம் மங்கிய பிறகு தலைவர் மேடம் எழுந்து வந்து கையைக் கொடுத்தாராம். ஆனர்ஸ் முடித்துவிட்டாய் என்றாராம். அண்ணன் வீங்கிய காலோடு மேசைக்கடியில் உட்கார்ந்து குழந்தைபோல் அழுதார்.

என்னோடு படிவரை வந்தபோது பட்டன் இன்னொன்றும் சொன்னாள். அம்மாவிடம் சொல்லாதே என்றாள். "ஜன்னலோர நாற்காலி காலியாத்தான் இருந்துச்சு அத்தை. ஆனா ஒவ்வொரு கேள்விக்கும் நான் பதில் சொல்லி முடிச்சதும், மேடம் அந்தப் பக்கமும் ஒரு தடவை பாத்துத் தலையாட்டினாங்க."

பட்டம் வாங்குகிற நாளைக்கு நான் புதுக் கோட்டு தைத்தேன். காலருக்குள் எதுவும் போடவில்லை. மேற்படிப்புக்கு இப்போது தூர ஊருக்குப் போயிருக்கிறாள். போனில் நானும் அவளும் கத்துகிற கத்தலில் தெரு சிரிக்கிறது. லாண்டிரியில் பழையபடி 'ஆமாங்க' கேட்கிறது. எப்போதாவது ஒரு 'இல்லீங்க'வும் கேட்கிறது. கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு ஒரு தடவை சிலிர்த்து அடங்கும்.

போன வாரம் நல்ல வெயில். மெஷினில் தலை கவிழ்ந்து தைத்துக்கொண்டிருந்தேன். மேசைமேல் ஒரு துணிப்பையை வைத்தார்கள். நிமிராமலே, இந்த வாரம் முடியாது என்று ஆரம்பித்தேன். பையிலிருந்து அந்தக் கறுப்புக் கோட்டை எடுத்து விரித்தன இரண்டு கைகள். நிமிர்ந்தால் அதே அம்மா. காலரில் நீல வட்டம். கைமடிப்பு ஓரங்களில் புதுச் சாக்பீஸ் தூள், அக்குளில் வேர்வை காய்ந்த கோடு. யாரோ அதைப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

"கை மட்டும் கொஞ்சம் இறக்கிக் குடும்மா. பொண்ணு வளந்துட்டா."

இறக்கத் துணி இருக்காது என்று எனக்குத்தான் தெரியுமே. அதைக் காட்டுவதற்காகக் கையை உள்பக்கம் திருப்பினேன். மடிப்புக்குள் விரற்கடை அளவு துணி இருந்தது. புதுத் துணி, சாயம் போகாத கறுப்பு. லாண்டிரிப் பக்கம் பார்த்தேன், அண்ணி கம்பியில் துணி மாட்டிக்கொண்டிருந்தாள், முதுகுதான் தெரிந்தது. வாழ்க்கையில் யாருக்கும் பணியாத இந்த வாய்க்கு அன்றைக்கு என்ன வந்ததோ.

"ஆமாங்க" என்றேன். "எப்ப வந்து வாங்கிக்கிறீங்க?"

அந்த அம்மா பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"நான் வரலம்மா. அவளே வந்து வாங்கிக்குவா."